முக்கால் செலவு அரசுக்கு, முழு ஆபத்து சிறு விவசாயிக்கு

வணிகம் படித்த எமக்கெல்லாம் ஐயக்கடன் பற்றிய பாடம் நன்றாக நினைவிருக்கும். எமக்கு வரவேண்டிய கடன்களில் எது வரும், எது வராது என்று ஆண்டிறுதியில் பிரித்துப் பார்த்து, வராது என்று தோன்றுவதற்கு ஒரு ஒதுக்கம் வைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் அரசாங்கத்திடமிருந்து வரவேண்டிய தொகைக்கு யாரும் ஒதுக்கம் வைப்பதில்லை. தாமதமாகலாம், ஆனால் வந்துவிடும் என்பதே வழமையான கணிப்பு. வளர்ந்த நாடொன்றின் அரசாங்கம் என்றால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

2025 ஜனவரி 20ஆம் திகதி அந்தக் கணிப்பு ஆட்டம் கண்டது. ஜனாதிபதி ட்ரம்ப் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட நிறைவேற்று ஆணைகளில் ஒன்று, 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் கீழான கொடுப்பனவுகளை நிறுத்திவைக்கச் சொன்னது. மின்சார வாகனங்களையும் எரிசக்தியையும் குறிவைத்த ஆணை என்றே செய்திகளில் பேசப்பட்டது. ஆனால் அதே சட்டத்தில்தான் விவசாய நிலங்களின் மண், நீர்ப் பாதுகாப்புக்காக 19.5 பில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கைக்காசைப் போட்டு வேலையை முடித்துவிட்டு, அரசின் பங்குக்காகக் காத்திருந்த விவசாயிகளும் இதனால் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள்.

எங்கோ ஒரு மாநிலத்து விவசாயிக்குக் காசு தாமதமானால் எமக்கென்ன என்று சில வாசகர்கள் கேட்கலாம். எம்மவர்களில் சிலர் இப்போது பத்து, பதினைந்து ஏக்கர் நிலம் வாங்கி மரக்கறியும் ஆடு, கோழியும் வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அரசு ஒரு குடிமகனிடம் "நீ பாதி போடு, நான் பாதி போடுகிறேன்" என்று சொல்லும்போது அந்த வார்த்தைக்கு என்ன பெறுமதி என்பது, எந்த நாட்டில் வாழ்ந்தாலும் எம்மைத் தொடும் கேள்வி.

புழுதிப் புயலில் பிறந்த திட்டம்

அமெரிக்காவில் இந்தச் செலவுப் பகிர்வு இன்று நேற்று வந்ததல்ல. 1930களில் நடுப்பகுதிச் சமவெளிகளில் தொடர்ந்து உழப்பட்ட நிலம், வரட்சி வந்ததும் புழுதியாக எழும்பிப் பறந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. ஹியூ ஹமண்ட் பெனட் என்ற மண்ணியல் அறிஞர், மண்ணரிப்பு தேசியப் பேரிடர் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1933இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கில் முதலாவது நீரேந்துப் பகுதி முன்னோடித் திட்டம் ஆரம்பமானது. 1935 ஏப்ரல் 27ஆம் திகதி மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, பெனட்டின் தலைமையில் மண் பாதுகாப்புச் சேவை உருவானது. 1994இல் பெயர் மாற்றப்பட்டு இன்று இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்று இயங்குவது அதே அமைப்புத்தான்.

அந்தக் காலத்திலேயே ஒரு விடயம் தெளிவாகியிருந்தது. ஒரு விவசாயியின் நிலத்து மண் அடித்துச் செல்லப்பட்டால் அந்த நட்டம் அவரோடு நிற்பதில்லை. அடுத்த ஊரின் ஆறு தூர்ந்துபோகும், குளம் நிரம்பிவிடும். இன்றைக்கும் மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் வயல்களில் இடப்படும் உரம், மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஒட்சிசன் குறைந்த, மீன்கள் வாழ முடியாத ஒரு பரப்பை உண்டாக்குகிறது. வேலியைத் தாண்டிப் போகும் நட்டத்தைத் தடுப்பதற்கான செலவை வேலிக்குள்ளே இருப்பவர் மட்டும் சுமக்க மாட்டார். அவருக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே ஊரும் ஒரு பங்கு போடவேண்டும். செலவுப் பகிர்வின் தர்க்கம் இவ்வளவுதான். இதை மானியம் என்று மட்டும் சொல்வது பாதிக் கணக்கு. ஊர் தனக்கு வேண்டிய ஒன்றை விவசாயியிடமிருந்து விலைக்கு வாங்குகிறது என்பதும் இதில் அடக்கம்.

1996ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம், பழைய திட்டங்கள் சிலவற்றை ஒன்றாக்கி, சுற்றுச்சூழல் தர ஊக்குவிப்புத் திட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. சுருக்கமாக ஈக்விப் என்பார்கள். மூடுபயிர், சொட்டு நீர்ப்பாசனம், ஓடைக்கரை வேலி, எருக்கிடங்கு, மரக்கறிப் பயிருக்கான பொலித்தீன் கூடாரம் எனப் பல வேலைகளுக்கு அரசு பங்கு தருகிறது. பொதுவாக மதிப்பிடப்பட்ட செலவில் 75 வீதம் வரை. புதிய விவசாயிகள், குறைந்த வருமானமுடையோர், முன்னாள் படையினர் போன்ற பிரிவினருக்கு 90 வீதம் வரை போகலாம்.

பேரேட்டில் எழுதிப் பார்த்தால்

75 வீதம் என்று காதில் விழும்போது பெரிதாகத்தான் இருக்கும். ஓர் உதாரணத்தைப் பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை.

எட்டு ஏக்கரில் மரக்கறி செய்யும் ஒருவர் ஒரு பொலித்தீன் கூடாரமும் சொட்டு நீர்ப்பாசனமும் போடுகிறார். உண்மையில் அவருக்குப் பிடித்த செலவு 20,000 டொலர். ஆனால் அரசு அவருடைய பற்றுச்சீட்டைப் பார்த்துப் பணம் தருவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே தயாரித்த விலைப்பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன்படி இந்த வேலையின் மதிப்பு 16,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 வீதம் 12,000. மிகுதி 8,000 டொலர் விவசாயியின் தலையில். கடதாசியில் அவருடைய பங்கு 25 வீதம், கையிலிருந்து போனது 40 வீதம். பெரிய பண்ணைக்காரர் மொத்தமாக வாங்குவதால் பட்டியல் விலைக்கு உள்ளேயே முடித்துவிடுவார். ஒரு கூடாரம், ஒரு சுருள் குழாய் என்று சில்லறையாக வாங்குபவருக்குத்தான் பட்டியலும் பற்றுச்சீட்டும் ஒத்துவராது.

அடுத்தது நேரம். ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன்னர் வேலையைத் தொடங்கக்கூடாது. தொடங்கினால் பொதுவாக அந்த வேலைக்குப் பணம் கிடையாது. கைச்சாத்தான பின்னர் முழுச் செலவையும் விவசாயி முதலில் போடவேண்டும். வேலை முடிந்ததும் அதிகாரி வந்து, குறித்த தர அளவுகளின்படி செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து உறுதிப்படுத்திய பிறகே பணம் வரும். 90 வீதப் பிரிவினருக்கு மட்டும் கொடுப்பனவில் பாதியை முற்பணமாகக் கேட்கும் வசதி உண்டு, அதையும் 90 நாட்களுக்குள் செலவு செய்துவிட வேண்டும்.

ஆக, எமது மரக்கறிக்காரரின் ஐந்தொகையில் 12,000 டொலர் வருமதியாக நிற்கிறது. கையிலோ காசில்லை. 20,000 டொலரையும் ஆண்டுக்கு 9 வீத வட்டியில் கடன் எடுத்திருந்தால் மாதம் 150 டொலர் வட்டி. அதைக்கூட ஒருவாறு சமாளித்துவிடலாம். ஆனால் அந்த 12,000 டொலர்தான் வசந்தகாலத்தில் விதைக்கும், கூலிக்கும், உழவு இயந்திரத் திருத்தத்துக்கும் அவர் எண்ணி வைத்த காசு. அது பெப்ரவரியில் வராமல் மே மாதம் வந்தால், வட்டியோடு சேர்த்து ஒரு போகத்தையும் இழந்தவராகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. எம்மைப் போன்ற கணக்காளர்களிடம் ஆட்கள் அதை மார்ச் மாதத்தில்தான் கொண்டுவருவார்கள். இந்தப் பணம் பொதுவாக வருமானமாக வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கப்படுகிறது. "அரசு தந்த உதவிக்கு வரியா?" என்று கேட்பார்கள். ஆம். வருமான வரிச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சில பாதுகாப்புக் கொடுப்பனவுகளை வருமானத்திலிருந்து விலக்க இடம் தருகிறது. 175ஆம் பிரிவு சில மண், நீர்ப் பாதுகாப்புச் செலவுகளை விவசாய மொத்த வருமானத்தின் 25 வீதம் வரை அந்த ஆண்டிலேயே கழிக்க விடுகிறது. ஆனால் எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று பார்க்க ஆள் வேண்டும். பெரிய பண்ணைக்கு அதற்கென்றே ஆள் இருக்கிறார். சிறியவர் இரவில் சமையலறை மேசையில் இருந்து தானே படிவம் நிரப்புகிறார்.

காசு எந்தப் பக்கம் ஓடியது?

1996இல் ஈக்விப் தொடங்கியபோது ஒரு விவசாயிக்கு ஆண்டுக்கு 10,000 டொலர், பல ஆண்டு ஒப்பந்தம் முழுவதற்கும் 50,000 டொலர் என்பதே உச்ச வரம்பு. மிகப் பெரிய கால்நடைப் பண்ணைகள் எருக்கிடங்கு கட்ட இந்தப் பணத்தைப் பெறமுடியாது என்ற தடையும் இருந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. வரம்பை 450,000 டொலராக உயர்த்தியது. மொத்தத் தொகையில் 60 வீதம் கால்நடை சார்ந்த வேலைகளுக்குப் போகவேண்டும் என்றும் விதித்தது. 2018இல் அந்த 60 வீதம் 50 ஆகக் குறைக்கப்பட்டது. 450,000 டொலர் வரம்பு அப்படியே இருந்தது.

சிறு விவசாயிக்கென்று யாரும் கதவை அடைக்கவில்லை. வாசலை அகலமாக்கினார்கள், அகலமான வண்டிகள் முதலில் உள்ளே போயின. விண்ணப்பங்கள் புள்ளியிட்டு வரிசைப்படுத்தப்படுகின்றன. ஆயிரம் ஏக்கரில் மூடுபயிர் போடும் ஒப்பந்தமும் ஐந்து ஏக்கர் ஒப்பந்தமும் அதிகாரிக்கு ஏறத்தாழ ஒரே வேலைதான். ஆட்பற்றாக்குறை உள்ள அலுவலகம் எதை விரும்பும் என்று சொல்லத் தேவையில்லை. மினசோட்டாவைத் தளமாகக் கொண்ட வேளாண்மை மற்றும் வர்த்தகக் கொள்கை நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 முதல் 2020 வரை ஈக்விப்புக்கு விண்ணப்பித்தவர்களில் 31 வீதத்தினருக்கே ஒப்பந்தம் கிடைத்தது. மூன்றில் இரண்டு பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நிலம் சொந்தமில்லாதவர்களின் நிலை இன்னும் சிக்கல். ஒப்பந்தக் காலம் முழுவதும் நிலம் தம் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று காட்டவேண்டும். லாவோஸில் இருந்து அகதிகளாக வந்து கலிபோர்னியாவின் பிரெஸ்னோவிலும் மினசோட்டாவிலும் மரக்கறி செய்யும் மொங் மக்களில் பலர் ஆண்டுக் குத்தகையில்தான் பயிரிடுகிறார்கள். ஒரு வருடக் குத்தகைக்காரர் மூன்று வருட ஒப்பந்தத்துக்கு எப்படிக் கையெழுத்திடுவது? அகதியாக வந்தவருக்கு நிலமும் இல்லை, நிலம் இல்லாததால் நிலத்தைக் காக்கும் உதவியும் இல்லை.

2025இல் நடந்தது

பைடன் காலத்துச் சட்டத்தின் 19.5 பில்லியனில் 8.45 பில்லியன் டொலர் ஈக்விப்புக்கு. வெறுங்கையோடு திரும்பியவர்களில் பலருக்கு அது ஒரு வாய்ப்பைத் திறந்தது. அந்தப் பணத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள்தான் 2025 ஜனவரியில் நின்றன. ஒரு மாதம் கழித்து, பெப்ரவரி 20ஆம் திகதி, விவசாயச் செயலாளர் புரூக் ரோலின்ஸ், விவசாயிகளோடு நேரடியாகச் செய்த ஒப்பந்தங்கள் மதிக்கப்படும் என்று அறிவித்து, முதற்கட்டமாக ஏறத்தாழ 20 மில்லியன் டொலரை விடுவித்தார். பில்லியன்களில் பேசப்பட்ட திட்டத்துக்கு மில்லியன்களில் முதல் தவணை. ஏப்ரல் 15ஆம் திகதி ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள சமஷ்டி நீதிமன்றம், அங்குள்ள ஒரு மண் பாதுகாப்பு மாவட்டமும் வேறு சில அமைப்புகளும் தொடுத்த வழக்கில், ஏற்கெனவே வழங்கப்பட்ட நிதிகளை விடுவிக்குமாறு உத்தரவிட்டது.

ஜூலை 4ஆம் திகதி கையெழுத்தான பெரும் வரவுசெலவுச் சட்டம், ஒப்பந்தமாகாமல் எஞ்சியிருந்த பணத்தை மீளப்பெற்று விவசாயச் சட்டத்தின் வழமையான ஒதுக்கீட்டுக்குள் சேர்த்தது. காலநிலை சார்ந்த வேலைகளுக்கே செலவிட வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. ஆனால் பணம் நிலையான கணக்கில் ஏறியது. இதை நாம் மறைக்க விரும்பவில்லை. நீண்டகால நோக்கில் அது பாதுகாப்புத் திட்டங்களுக்கு நன்மையே. அதே ஆண்டு டிசம்பரில் 700 மில்லியன் டொலர் கொண்ட மண்வள மீட்பு முன்னோடித் திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. இரண்டு திட்டங்களுக்கு ஒரே விண்ணப்பம் போதும் என்பது அதிலுள்ள நல்ல அம்சம்.

மறுபக்கத்தில், விவசாயத் திணைக்களத்தின் ஊழியர்களில் 15,000க்கும் அதிகமானோர் அதே ஆண்டில் விலகல் திட்டத்தை ஏற்று வெளியேறினார்கள். பணம் இருந்தாலும் நிலத்துக்கு வந்து அளந்து கையெழுத்திட ஆள் இல்லையென்றால் வருமதி வருமதியாகவே நிற்கும்.

ஜூலை 10ஆம் திகதி வந்த இன்னொரு முடிவு எம்மவர்களை நேரடியாகத் தொடுகிறது. இனம், பால் அடிப்படையிலான 'சமூக ரீதியாகப் பின்தங்கிய விவசாயி' என்ற வகைப்படுத்தலை இனிப் பயன்படுத்துவதில்லை என்று திணைக்களம் அறிவித்தது. அந்த வகைக்குள் ஆசியர்களும் இருந்தார்கள். மேலே சொன்ன மரக்கறிக்காரர் எம்மவர் என்றும், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயிரிடுகிறவர் என்றும் வையுங்கள். பத்து ஆண்டு கடந்துவிட்டதால் அவர் புதிய விவசாயி அல்ல. முன்பு 90 வீதமாக 14,400 டொலர் பெற்றிருக்கக்கூடியவர் இப்போது 12,000 பெறுவார். 2,400 டொலர் குறைவு. அதைவிட முக்கியமாக, பாதி முற்பணம் என்ற வசதியும் போய்விட்டது. இன அடிப்படையில் உதவி கொடுப்பது சரியா என்பது அமெரிக்க நீதிமன்றங்களிலேயே பல ஆண்டுகளாக நடக்கும் வாதம். அதில் இரு தரப்பிலும் நியாயம் பேசுவோர் உண்டு. எமது கேள்வி வேறு. தேவையின் அடிப்படையில் கொடுப்பதென்றால், முற்பணத்தைச் சிறிய பண்ணைகள் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டல்லவா இதை எடுத்திருக்க வேண்டும்?

ஊரில் நாம் கண்டது

இதை எழுதும்போது 2021ஆம் ஆண்டு இலங்கை நினைவுக்கு வராமல் இருக்காது. மண்ணையும் மக்களின் உடல்நலத்தையும் காப்பது என்ற பெயரில் அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரு வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்படும் வரை விளைச்சல் வீழ்ச்சியைச் சுமந்தவர் கமக்காரரே. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் உரமும் மலசலகூடக் கழிவும் கிணற்று நீரில் நைத்திரேற்றாக இறங்குவது எமக்குத் தெரியாததல்ல. நோக்கத்தில் உண்மை இருந்தது. ஆனால் மாற்றத்துக்கான செலவில் அரசு எவ்வளவு போடும், விளைச்சல் குறைந்தால் யார் தாங்குவது என்று முதலில் யாரும் கமக்காரருடன் உட்கார்ந்து பேசவில்லை.

அமெரிக்க முறை அதைவிட எவ்வளவோ மேல். அங்கே கட்டளைக்குப் பதிலாக ஒப்பந்தம் இருக்கிறது. அதனாலேயே 2025இல் நடந்தது சிறிய விடயம் அல்ல. ஒப்பந்தம் என்ற சொல்லின் பெறுமதி, இரண்டு பக்கமும் அதற்குக் கட்டுப்படுவதில் இருக்கிறது. விவசாயி ஒப்பந்தத்தை மீறினால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டி வரலாம், அதற்குமேல் தண்டமும் வரலாம். அரசு தாமதித்தால் விவசாயிக்கு இருப்பது காத்திருப்பு மட்டும். இது இரு தரப்புக்கும் சமமான ஒப்பந்தம் என்று எந்தக் கணக்காளரும் சொல்லமாட்டார்.

என்ன செய்யலாம்?

சட்டம் இயற்றுவோர் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. சிறிய பண்ணைகள் எல்லாவற்றுக்கும் பாதி முற்பணம். சிறு ஒப்பந்தங்களுக்கென ஒவ்வொரு மாநிலத்திலும் தனியான ஒரு தொகை, அவை ஆயிரம் ஏக்கரோடு போட்டியிடாமல் இருக்க. கையெழுத்தான ஒப்பந்தத்தின் பணத்தை நிறைவேற்று ஆணையால் தொடமுடியாது என்ற ஒரு வரி. உறுதிப்படுத்திய வேலைக்குப் பணம் தாமதமானால் அரசு வட்டி கட்டவேண்டும் என்ற இன்னொரு வரி. குத்தகைக்காரருக்கு, குத்தகைக் காலத்துக்குள் முடிகிற குறுகிய ஒப்பந்தங்கள்.

எம்மவர்களுக்குச் சொல்லக்கூடியது இது. திட்டம் நல்லது, விண்ணப்பியுங்கள். ஒருமுறை கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன் ஒரு ஆணிகூட வாங்காதீர்கள். 75 வீதத்தைக் கேட்டு மயங்காமல், உங்கள் கடைக்காரரின் விலையையும் அரசின் பட்டியல் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிக்கு ஒரு பங்கை அன்றே ஒதுக்கி வையுங்கள். அரசின் பணம் ஆறு மாதம் பிந்தினாலும் உங்கள் தோட்டம் நிற்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். நிற்காது என்றால் வேலையைச் சிறிதாக்கி, இரண்டு ஆண்டுகளாகப் பிரித்துச் செய்யுங்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் என்றால் அந்தக் கடைசிக்கு முந்திய ஆலோசனையை நாம் சொல்லியிருக்க மாட்டோம். அரசின் கையெழுத்து இருந்தால் போதும் என்றே சொல்லியிருப்போம். வீடும் காணியும் விட்டு வந்த எமக்கு, கையெழுத்துக்கு மதிப்புள்ள நாடு ஒன்று கிடைத்ததுதான் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த மதிப்பு எமது வரவேட்டிலும் ஒரு சொத்து. அதற்கு ஐயக்கடன் ஒதுக்கம் எழுதும் நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் எட்டு ஏக்கர் மரக்கறிக்காரரின் 12,000 டொலரைப் பற்றி இவ்வளவு எழுதினோம்.